வெள்ளை ட்யூபை எடுத்து வையுங்கள்

அன்புள்ள ஐயா,
ஃபெய்த் ரிங்கோல்டின் ஓவியங்களைப் பார்த்த உந்துதலில், கறுப்பினப் பெண்களைக் கொண்டாடும் விதமாகப் பன்னிரண்டு முகங்கள் வரைந்திருக்கிறேன். இணைத்துள்ளேன். தோல் நிறம் மட்டும் சாம்பல் பூத்தாற்போல் வருகிறது. அக்ரிலிக்கை விட்டு எண்ணெய் வண்ணத்துக்கு மாறட்டுமா? இந்தியனான நான் இவர்களை வரையலாமா?
க., கோவை

அன்புள்ள க.,

பன்னிரண்டு வரைந்து முடித்த பிறகு வரையலாமா என்று கேட்பவருக்கு நான் என்ன சொல்ல? எண்ணெயா அக்ரிலிக்கா என்பதை உங்கள் பர்ஸைக் கேளுங்கள். சாம்பல் பூக்கிறது என்றீர்களே, அந்த ஒரு வரிக்காகத்தான் எழுதுகிறேன்.

வெள்ளை கலக்கிறீர்கள். கன்னத்தில் ஒளி வேண்டுமென்றால் கை தானாக அந்த ட்யூபுக்குப் போகிறது. நமக்கெல்லாம் அப்படித்தானே சொல்லிக்கொடுத்தார்கள். கறுத்த தோலில் அதைச் செய்தால் திருநீறு பூசிவிட்டதுபோல் இருக்கும்.

நியூயார்க்கில் கறுப்பினத்தவர் வாழும் ஹார்லெமில் பிறந்த ரிங்கோல்ட் 1967இலேயே இதோடு மல்லுக்கட்டியவர். 1969 வரை வரைந்த 'பிளாக் லைட்' வரிசையில் வெள்ளையை அறவே விலக்கினார். செம்மை ஓடும் கறுப்பு, நீலம் ஓடும் கறுப்பு, பச்சை ஓடும் கறுப்பு. பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒன்று மற்றதைவிட வெளிச்சமாகத் தெரியும், அவ்வளவுதான் ஒளி. முதல் பார்வைக்கு இருட்டு. கண் பழகப் பழக முகம் மேலே வரும். 1970இல் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்தில் பெண் கலைஞர்களுக்குப் பாதி இடம் கேட்டு, எதிர்ப்பாக முட்டைகளை வைத்துவிட்டு வந்த கூட்டத்திலும் இவர் இருந்தார். அதை எல்லோரும் எழுதுகிறார்கள். எனக்கு அந்தக் கறுப்புகள்தான் பெரிது.

என் பாட்டி இறந்தபோது, ரேஷன் கார்டில் இருந்த படத்தை ஒரு ஸ்டுடியோவில் பெரிதாக்கக் கொடுத்தோம். பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்து சேர்ந்தது வேறு யாரோ ஒரு கிழவி. "கொஞ்சம் பளிச்சுன்னு இருக்கட்டுமேன்னு..." என்றார் ஸ்டுடியோக்காரர், நல்லது செய்த முகத்தோடு. மாலை போட்டு மாட்டினோம். நாற்பது வருஷமாயிற்று. இப்போது பாட்டியை நினைத்தால் அந்த நிறத்தில்தான் வருகிறாள். அதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1971இல் நியூயார்க்கின் ரைக்கர்ஸ் தீவுப் பெண்கள் சிறைக்கு ரிங்கோல்ட் ஒரு பெரிய ஓவியம் செய்தார். தூரிகையை எடுக்கும் முன் கைதிகளிடம் போய், என்ன பார்க்க ஆசை என்று கேட்டார். பேருந்து ஓட்டும் பெண், மருத்துவர், கூடைப்பந்து ஆடுபவர், நாட்டின் அதிபர் என்று எட்டு முக்கோணங்களுக்குள் பல நிறத்துப் பெண்கள் வந்தார்கள். 1988இல் அந்தக் கட்டடம் ஆண்களுக்கு மாறியதும் ஓவியத்தின் மேல் என்ன அடித்தார்கள் தெரியுமா? வெள்ளை. அதற்கு மேல் அழிக்கவிடாமல் ஒரு காவலர் தடுத்ததால் பிழைத்தது, பிறகு சுத்தம் செய்தார்கள். இப்போது புரூக்ளின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

நீங்கள் யாரிடம் கேட்டீர்கள், க.? இணையத்தில் இறக்கிய பன்னிரண்டு முகம். ஒருவர் பெயராவது தெரியுமா? பின்னால் தங்கத்தாள் ஒட்டினால் கொண்டாட்டமா?

கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்களுக்குக் கை இருக்கிறது. ஏழாவது படத்தில், மஞ்சள் தலைத்துணி கட்டியவரின் காதுக்குக் கீழே, வெள்ளை படாத ஓர் அங்குலம் தப்பியிருக்கிறது. அங்கே கறுப்புக்குள் செம்மை நன்றாக வந்திருக்கிறது. அங்கிருந்து கன்னத்துக்கு ஏறிப் பாருங்கள்.