பள்ளியில் லைன்பேக்கராக ஆடும் மகனுக்குத் தலையில் அடி: அடுத்த வாரமே ஆடலாமா?

கேள்வி: வட கரோலினாவில் சார்லட் நகரத்தில் இருக்கிறோம். என் மகனுக்கு 15 வயது. பள்ளியின் அமெரிக்கன் ஃபுட்பால் அணியில் லைன்பேக்கராக, அதாவது பந்தோடு ஓடி வருபவரை மோதித் தடுக்கும் இடத்தில், ஆடுகிறான். போன வெள்ளிக்கிழமை ஆட்டத்தில் எதிரணிப் பையனோடு தலை மோதி விழுந்தான். மயக்கம் வரவில்லை, ஆனால் ஸ்கோர் என்ன என்று திரும்பத் திரும்பக் கேட்டானாம். எமர்ஜென்சியில் சி.டி. ஸ்கேன் எடுத்துப் பார்த்து, "நார்மல், அடியில் மூளை குலுங்கிய லேசான கன்கஷன்தான்" என்றார்கள். இப்போது தலைவலி குறைந்துவிட்டது. ஆனால் தம்பி டிவி ரிமோட்டை எடுத்ததற்கெல்லாம் உட்கார்ந்து அழுகிறான். வரும் வெள்ளிக்கிழமை ஆடியே தீருவேன் என்று அடம் பிடிக்கிறான். எங்கள் ஊர் பாந்தர்ஸ் அணியில் லைன்பேக்கராக இருந்த லூக் கீக்லி மாதிரி என்.எஃப்.எல். என்ற தொழில்முறை லீக் வரை போவதுதான் அவன் கனவு. அனுப்பலாமா டாக்டர்? இல்லை, ஆட்டத்தையே விடச் சொல்லட்டுமா?

பதில்: வரும் வெள்ளிக்கிழமை வேண்டவே வேண்டாம். உங்கள் மின்னஞ்சல் வந்தவுடனேயே இதைச் சொல்லிப் பதில் அனுப்பிவிட்டேன். மற்ற பெற்றோருக்கும் உதவும் என்பதால் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

முதலில் அந்த அழுகை. அதைப் பிடிவாதம் என்றோ, ஆட முடியாத கோபம் என்றோ நினைத்து அவனைத் திட்டிவிடாதீர்கள். காரணமில்லாமல் அழுவது, எரிந்து விழுவது, தூக்கம் கெடுவது எல்லாமே கன்கஷனின் அறிகுறிகள்தான். உங்கள் மகன் கொண்டாடும் கீக்லிக்கே இது நடந்திருக்கிறது. 2016 நவம்பரில், உங்கள் ஊரிலேயே, நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ் அணிக்கு எதிரான ஆட்டத்தில் பந்தோடு ஓடுபவரைப் பிடித்து வீழ்த்தும் ஒரு டேக்கிளில் அடிபட்டு விழுந்தார். எழுந்து உட்கார்ந்தவர் மூச்சு வாங்க வாங்க அழுதார். 25 வயது, அந்த லீகிலேயே சிறந்த தடுப்பு ஆட்டக்காரர் என்று 2013-இல் விருது வாங்கியவர். குழந்தை மாதிரி தேம்பியதை நாடே டிவியில் பார்த்தது. வலி தாங்காமல் வந்த அழுகை போல அது தெரியவில்லை. உணர்ச்சியைக் கட்டுக்குள் வைக்கும் மூளைப் பகுதிகள் குலுங்கும்போது இப்படித்தான் ஆகும். அந்த சீசனின் மிச்ச ஆட்டங்கள் எதிலும் அவரை இறக்கவில்லை. பல கோடி டாலர் புரளும் அணியே அவரை உட்கார வைத்தது. அப்படியிருக்க, பள்ளி ஆட்டத்துக்கு என்ன அவசரம்?

ஸ்கேன் நார்மல் என்பதைப் பலரும் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். மண்டை ஓட்டில் விரிசல் இருக்கிறதா, உள்ளே ரத்தம் கசிகிறதா என்றுதான் சி.டி. ஸ்கேன் காட்டும். அது இல்லை என்பது நல்ல செய்திதான். ஆனால் கன்கஷன் என்பது மூளை செயல்படுவதில் ஏற்படும் கோளாறு, அது படத்தில் தெரியாது. மண்டை ஓட்டுக்குள் மூளை, தூக்குச் சட்டியில் இருக்கும் தயிர் மாதிரி. சட்டிக்கு ஒன்றும் ஆகாமலேயே உள்ளே தயிர் கலங்கலாம். ஹெல்மெட் காப்பாற்றுவது பெரும்பாலும் சட்டியைத்தான்.

கலங்கிய மூளை தேறுவதற்குள் இரண்டாவது அடி விழுந்தால், அரிதாக, மூளை சட்டென்று வீங்கி சில நிமிடங்களிலேயே உயிருக்கு ஆபத்தாகிவிடும். பதின்ம வயதினரிடம்தான் இதை அதிகம் பார்க்கிறோம். உங்கள் மாநிலத்துக்கு இந்த வேதனை புதிதல்ல. 2008-இல் சில வார இடைவெளியில் இரண்டு பள்ளி மாணவர்கள் ஃபுட்பால் ஆட்டத்தில் தலையில் அடிபட்டு இறந்தார்கள். மேத்யூ கஃபெல்லர் என்ற பையன் உங்கள் மகனைப் போலவே 15 வயது லைன்பேக்கர். ஜாக்வான் வாலர் பயிற்சியில் ஏற்கெனவே கன்கஷன் வாங்கி, அதே வாரம் ஆட்டத்தில் இறங்கி மறுபடி அடிபட்டவர். அவர்கள் இருவர் பெயரில்தான் 2011-இல் வட கரோலினா சட்டமே போட்டது. கன்கஷன் சந்தேகம் இருந்தால் அன்றைக்கே மாணவனை வெளியேற்ற வேண்டும், தகுதியுள்ள மருத்துவப் பணியாளர் எழுத்தில் அனுமதி தராமல் திரும்பச் சேர்க்கக் கூடாது என்கிறது அந்தச் சட்டம். அதனால் கோச் "பரவாயில்லை, பையன் நன்றாகத்தான் இருக்கிறான்" என்று சொன்னாலும், நீங்கள் தயங்காமல் சட்டத்தைச் சொல்லலாம்.

இப்போது வீட்டில் என்ன செய்வது? பழைய காலம் போல இருட்டு அறையில் நாள் கணக்கில் படுக்க வைக்க வேண்டியதில்லை. முதல் ஒன்றிரண்டு நாள் ஓய்வு, ஃபோனும் டிவியும் குறைவு, அப்புறம் தலைவலியைக் கிளப்பாத அளவுக்கு நடை. பாடம்தான் முதலில், ஆட்டம் அதற்குப் பிறகு. வகுப்பில் முழு நாளும் உட்கார்ந்து படிக்க முடிந்தால்தான் மற்றதைப் பற்றிப் பேச வேண்டும். அப்புறம் சைக்கிள், ஓட்டம், மோதல் இல்லாத பயிற்சி, மருத்துவர் அனுமதித்த பிறகு மோதலோடு பயிற்சி, கடைசியில் ஆட்டம் என்று படிப்படியாகப் போக வேண்டும். ஒவ்வொரு படியிலும் குறைந்தது ஒரு நாள். அறிகுறி தலைகாட்டினால் ஒரு படி கீழே இறங்க வேண்டும். இந்த வயதில் பெரும்பாலோர் நான்கு வாரத்துக்குள் தேறிவிடுவார்கள். ஆனால் தலைவலி கூடிக்கொண்டே போவது, திரும்பத் திரும்ப வாந்தி, வலிப்பு, பேச்சுக் குழறல், கை கால் பலவீனம், எழுப்பினாலும் தெளியாத தூக்கம், ஒரு கண்ணின் பாப்பா மட்டும் பெரிதாகத் தெரிவது, இவற்றில் எது வந்தாலும் எனக்கு எழுதிக்கொண்டிருக்காமல் 911-ஐக் கூப்பிடுங்கள்.

இனி, ஆட்டத்தையே விடச் சொல்லட்டுமா என்ற உங்கள் பெரிய கேள்விக்கு வருகிறேன். லைன்பேக்கர் நிற்கும் இடம் அப்படிப்பட்டது. முன்வரிசைக்குப் பின்னால் சில அடி தள்ளி நின்று, பந்து நகர்ந்த நொடியில் அது போகும் பக்கத்தைக் கணித்து, ஓடி வருபவனை இவனும் ஓடிப் போய்த் தடுக்க வேண்டும். இரண்டு பேரின் வேகமும் அந்த மோதலில் சேர்ந்துவிடுகிறது. கன்கஷன் என்று பெயர் சொல்லக்கூடிய பெரிய அடி சீசனுக்கு ஒன்றோ இரண்டோ வரலாம், வராமலும் போகலாம். என் கவலை பெயரில்லாத சின்னச் சின்ன அடிகள் மேல்தான். அறிகுறி எதுவும் காட்டாத பள்ளி ஆட்டக்காரர்களின் மூளைச் செயல்பாட்டிலேயே சீசன் நடக்கும்போது மாற்றங்கள் தெரிவதை பர்டியூ பல்கலைக்கழகத்தினர் பதிவு செய்திருக்கிறார்கள்.

ஜூனியர் சியாவ் என்ற லைன்பேக்கரைப் பற்றி உங்கள் மகனுக்குத் தெரிந்திருக்கும். 1990-இல் சான் டியாகோ சார்ஜர்ஸில் தொடங்கி 20 சீசன் ஆடியவர். அந்த நீண்ட காலத்தில் அவருக்குக் கன்கஷன் என்று அணிகளின் காயப் பட்டியலில் ஒருமுறைகூடப் பதிவாகவில்லை. 2012 மே மாதம், 43 வயதில், தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார். அவருடைய மூளையை ஆராய்ந்ததில் சி.டி.இ. எனப்படும் சிதைவு நோய் இருந்ததை அடுத்த ஜனவரியில் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் அறிவித்தது. டௌ என்ற புரதம் தாறுமாறாகப் படிந்து மூளைச் செல்களைக் கெடுக்கும் நோய் அது. இறந்த பிறகுதான் உறுதியாகக் கண்டுபிடிக்க முடிகிறது. ஒருவர் எடுக்கும் கடைசி முடிவுக்கு ஒற்றைக் காரணம் சொல்வது நியாயமில்லை. ஆனால் அந்த மூளையில் சிதைவு இருந்தது உண்மை.

பாஸ்டன் பல்கலைக்கழகத்தினர் 2017-இல் வெளியிட்ட ஆய்வில், 111 முன்னாள் என்.எஃப்.எல். வீரர்களின் மூளைகளில் 110-இல் சி.டி.இ. இருந்தது. இதைப் படித்துவிட்டு ஆடிய எல்லாருக்கும் வந்துவிடும் என்று பயப்படாதீர்கள். ஏற்கெனவே மாறுதலைக் கவனித்த குடும்பங்களே பெரும்பாலும் மூளையைத் தானம் தருகின்றன, அதனால் கணக்கு ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது. அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது அதே குழு 2019-இல் சொன்னது: ஆடும் ஆண்டு ஒவ்வொன்று கூடும்போதும் சி.டி.இ. வாய்ப்பு சுமார் 30 சதவீதம் ஏறுகிறது. அதாவது எத்தனை ஆண்டு ஆடுகிறோம் என்பதே பெரிய விஷயம், அது நம் கையில் இருக்கிறது.

கீக்லி அதைக் கையில் எடுத்துக்கொண்டார். 2015, 2016, 2017 என்று மூன்று சீசனில் அடுத்தடுத்துக் கன்கஷன் வாங்கியவர், 2020 ஜனவரியில், 28 வயதில், எட்டே சீசனோடு நிறுத்தினார். இன்னும் ஆட ஆசைதான், ஆனால் அது சரியான முடிவாக இருக்காது என்று வீடியோவில் சொன்னார். அந்த வீடியோவை மகனோடு உட்கார்ந்து பாருங்கள். கிறிஸ் போர்லண்ட் இன்னும் முன்னாலேயே முடிவெடுத்தார். சான் பிரான்சிஸ்கோவுக்காக ஒரே சீசன் ஆடி 2015-இல், 24 வயதில் விலகி, வாங்கிய ஒப்பந்த போனஸில் பெரும்பகுதியைத் திருப்பிக் கொடுத்தார்.

என் பிள்ளையாக இருந்தால் இந்த சீசனோடு மோதல் ஆட்டத்தை நிறுத்தச் சொல்வேன். அமெரிக்காவில் பத்து லட்சம் பையன்கள் பள்ளி ஃபுட்பால் ஆடுகிறார்கள். என்.எஃப்.எல். அணிகள் புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் ஆண்டுக்கு எடுப்பது ஏறக்குறைய 250 பேரைத்தான். ஆனால் 15 வயதுப் பையனிடமிருந்து அணியை ஒரே நாளில் பிடுங்கினால் நண்பர்கள், உடற்பயிற்சி, தன்னம்பிக்கை எல்லாம் சேர்ந்து போகும். தடகளம், கூடைப்பந்து, மோதல் இல்லாத ஃபிளாக் ஃபுட்பால், இதில் ஏதாவது ஒன்றை அவனே தேர்ந்தெடுக்கட்டும். ஆடியே தீருவேன் என்று நின்றால், முழு மோதல் பயிற்சி வாரத்துக்கு எத்தனை நாள், டேக்கிளில் தலையை ஒதுக்கித் தோளால் தடுக்கக் கற்றுத் தருகிறார்களா, மைதானத்தில் காயங்களைக் கவனிக்கும் அத்லெடிக் டிரெய்னர் இருக்கிறாரா என்று கோச்சிடம் நேரில் கேளுங்கள். இன்னொரு கன்கஷன் வந்தால் அதோடு நிறுத்த வேண்டும் என்று இப்போதே மகனோடு பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த வாரமே அவனுடைய மருத்துவரைப் பார்த்து, அந்த அழுகையை மறக்காமல் சொல்லுங்கள். பள்ளியில் சீசனுக்கு முன் எடுத்த அடிப்படைப் பரிசோதனை இருந்தால் அதையும் வாங்கிக்கொண்டு போங்கள். நான்கு வாரத்துக்குப் பிறகும் தலைவலியோ எரிச்சலோ நீடித்தால் கன்கஷனுக்கென்றே உள்ள சிறப்புக் கிளினிக்குக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள்.