கிட்னி தொற்று வந்த குழந்தைக்கு மூளையில் வெள்ளைப் புள்ளி: சரியாகிவிடுமா?

மகனுக்கு ஐந்து நாளாகக் காய்ச்சல், கிட்னியில் கிருமித் தொற்று, கூடவே உளறல், எம்ஆர்ஐயில் ஒரு வெள்ளைப் புள்ளி, அது அப்படியே தங்கிவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். என் மகளுக்கு ஆறு வயதில் இதேதான் வந்தது. அவளுக்குப் புள்ளி மறைந்துவிட்டது.

காய்ச்சலின் நான்காம் நாள் ராத்திரி, நெற்றியில் ஈரத்துணி போட்டுக்கொண்டிருந்தேன். "ஃபேன் மேல பூனை உக்காந்திருக்கு, இறக்கி விடு" என்றாள். என் கையைப் பிடித்துக்கொண்டே "அம்மா எங்க?" என்று கேட்டாள். காய்ச்சல் வேகத்தில் பிள்ளைகள் பிதற்றுவது உண்டுதான். ஆனால் மருந்து கொடுத்து உடம்புச் சூடு இறங்கிய பிறகும் அவள் தெளியவில்லை. அதைப் பார்த்துத்தான் விடியும்வரை காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

அவளுக்கு நீர்க்கடுப்பு இல்லை. முதல் யூரின் டெஸ்ட்டிலும் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. ஸ்கேனில்தான் வலது கிட்னி வீங்கியிருந்தது. சிடி எடுத்ததில் அதன் ஒரு பகுதி மட்டும் மங்கலாக இருந்தது. இன்னும் சீழ் கட்டவில்லை, அதற்கு முந்தைய கட்டம் என்றார் டாக்டர். இந்த வகைத் தொற்றில் யூரின் சுத்தமாகவே இருக்கலாமாம். ரத்தத்தில் சோடியம் என்ற உப்புச்சத்து 129. 135க்குக் கீழே இறங்கக் கூடாது. மூளைக்காய்ச்சலோ என்று முதுகில் நீர் எடுத்துப் பார்த்தார்கள், அது இல்லை.

எம்ஆர்ஐ படத்தை வெளிச்சத்தில் வைத்துக் காட்டினார். மூளையின் இரண்டு பாதிகளையும் இணைக்கும் கார்ப்பஸ் கலோசத்தின் பின்முனையில், நட்ட நடுவில், முட்டை வடிவில் ஒரு வெள்ளை. மறைந்துவிடக்கூடிய இப்படியொரு புள்ளியோடு வரும் லேசான மூளை பாதிப்புக்கு ஜப்பான் டாக்டர்கள் 2004-ல் வைத்த ஆங்கிலப் பெயரின் சுருக்கம்தான் மெர்ஸ் (MERS). (2012-ல் சவுதியில் கண்டுபிடித்த, ஒட்டகத்திலிருந்து தொற்றும் மெர்ஸ் வைரஸ் நோய் வேறு. இணையத்தில் தேடிப் பயந்துவிடாதீர்கள்.) மூளையில் வரும் இந்த மெர்ஸ், ஃப்ளூ, வயிற்றுப்போக்கு தரும் ரோட்டா போன்ற வைரஸ் தொற்றோடு வருவதுதான் அதிகம், கிட்னித் தொற்றோடு வருவது அபூர்வம். கிருமி மூளைக்குள் நுழைவதில்லை. தொற்றை எதிர்த்து உடம்பு முழுக்கக் கிளம்பும் அழற்சியும், சோடியம் குறைவதும் சேர்ந்து அந்த இடத்தில் தற்காலிகமாக நீர் கோக்க வைக்கிறது என்று விளக்கினார்.

ஆன்டிபயாடிக் ஏற ஆரம்பித்த மூன்றாம் நாள் காலை கண்ணைத் திறந்து, "இட்லி வேணும், சட்னி வேணாம், சர்க்கரை" என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. இரண்டு வாரம் கழித்து எடுத்த எம்ஆர்ஐயில் புள்ளி இல்லை.

மூளைக்கென்று தனி மருந்து எதுவும் அவளுக்குத் தேவைப்படவில்லை. கிட்னிக்குத்தான் முதலில் ஊசியும் பிறகு வாய்வழி மருந்துமாக மொத்தம் மூன்று வாரம். பிள்ளை தெளிந்து விளையாடுகிறதே என்று நடுவில் நிறுத்திவிடாதீர்கள்.

அப்புறம் இன்னொன்று. தொற்று அடங்கியதும், சிறுநீர்ப்பையிலிருந்து சிறுநீர் கிட்னிக்குத் திரும்ப ஏறுகிறதா என்று ஒரு எக்ஸ்ரே பரிசோதனை செய்தார்கள். இவளுக்கு லேசாக ஏறியது, இன்றும் அதற்காகப் பார்த்து வருகிறோம். உங்கள் மகனுக்கும் அது தேவையா என்று டிஸ்சார்ஜ் ஆவதற்கு முன்பே டாக்டரிடம் கேட்டுவிடுங்கள்.