'தி ஆக்ஸ்-போ இன்சிடென்ட்' என்ற கௌபாய் படத்தில் மலை, பாலைவனம் எதுவுமே பெரிதாக இல்லையே, செலவில்லாமல் எடுத்ததால்தானா? பிறகு ஏன் இத்தனை பேர் கொண்டாடுகிறார்கள்?

ஆமாம், சிக்கனம்தான் காரணம். 1943-இல் ட்வென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸ் வெளியிட்ட கறுப்பு வெள்ளைப் படம், ஓடுவது 75 நிமிடம். கதையில் பாதிக்கு மேல் நடக்கும் அந்தப் பள்ளத்தாக்கே ஸ்டூடியோவுக்குள் போட்ட செட். ஆனால் இந்தக் கதைக்கு அதுதான் பொருத்தம் என்பேன். மாடு திருடிக் கொலையும் செய்தார்கள் என்று மூன்று பேரைப் பிடித்து, விசாரணையே இல்லாமல் விடிவதற்குள் தூக்கில் போடத் துடிக்கிறது ஒரு கும்பல். வேண்டாம் என்று தனியே வந்து நிற்பவர்கள் ஏழே பேர். திறந்தவெளி இருந்திருந்தால் நமக்குக் கொஞ்சம் மூச்சு விட இடம் கிடைத்திருக்கும். இங்கே அது கிடையாது.

கடைசிக் காட்சியை மட்டும் மறுபடி பாருங்கள். தூக்கிலிடப்பட்டவன் மனைவிக்கு எழுதிய கடிதத்தை நாயகன் ஹென்றி ஃபோண்டா மதுக்கடையில் நின்று வாசிக்கிறார். பக்கத்தில் நிற்கும் நண்பனின் தொப்பி விளிம்பு அவர் கண்களை மறைத்துவிடுகிறது, வாய் மட்டும்தான் தெரிகிறது. கண்ணைக் காட்டாமலே நம்மைக் கலங்க வைக்கிறார் இயக்குநர் வில்லியம் வெல்மேன்.

அப்புறம் இன்னொன்று. 1919-இல் அமெரிக்காவின் ஒமாஹா நகரில் ஒரு கறுப்பினத்தவரைக் கும்பல் தூக்கிலிட்டுக் கொன்றதைப் பதினான்கு வயதில் நேரில் பார்த்தவர் ஃபோண்டா. அது தெரிந்த பிறகு அந்தக் குரலைக் கேட்டால் எனக்கு இன்னும் கனக்கிறது.

சிறந்த படத்துக்கான ஆஸ்கர் பரிந்துரை கிடைத்தது. விருது 'காசாபிளாங்கா'வுக்குப் போனது.