தேசிய சேவைக்கு முன் டிஸ்பேஸ் படிக்கலாமா?

பலதுறைத் தொழிற்கல்லூரியில் தகவல் தொழில்நுட்பம் முடித்த மகன், தேசிய சேவைக்குப் போகும்வரை டிஸ்பேஸ் என்ற மின்நூலக மென்பொருளைப் படிக்கப்போவதாகச் சொல்கிறார். "காசில்லாமல் கிடைக்கிற மென்பொருளுக்கு யார் சம்பளம் கொடுப்பார்கள்? புத்தகம் அடுக்கவா டிப்ளோமா?" என்பது உங்கள் கவலை.

மென்பொருள்தான் இலவசம். அதை ஓட்ட ஆள் வேண்டும், அந்த ஆளுக்குச் சம்பளமும் உண்டு. டிஸ்பேஸை அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகமும் ஹியூலட் பேக்கார்டு நிறுவனமும் சேர்ந்து 2002-ல் வெளியிட்டன. இங்கே நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் ஆய்வுக் களஞ்சியம் அதன் அடிப்படையில்தான் இயங்குகிறது. ஆய்வுத் தரவுக்கு அதே பல்கலைக்கழகம் டேட்டாவெர்ஸ் என்ற மென்பொருளை வைத்திருக்கிறது, அதுவும் திறமூலம், அதாவது மூலநிரலை எல்லாருக்கும் திறந்து வைத்தது. கோஹா என்ற நூலக மென்பொருள் வேறு ரகம்: இரவல் கொடுப்பது, திரும்பப் பெறுவது, அட்டவணை என்று நூலகத்தின் அன்றாடத்துக்கானது. பலரும் டிஸ்பேஸையும் கோஹாவையும் குழப்பிக்கொள்கிறார்கள்.

ஆனால் 'டிஸ்பேஸ் தெரியும்' என்பதை மட்டும் வைத்து வேலை தேடினால் சிங்கப்பூரில் இடங்கள் சொற்பம். நூலகர் பதவிக்குப் பொதுவாகப் பட்டமும் கேட்பார்கள். அதனால் இதைத் தனித் தொழிலாகப் பார்க்காதீர்கள். தரவை ஒழுங்குபடுத்தி, ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குச் சிதையாமல் மாற்றத் தெரிந்தவர் என்று காட்டும் சான்றாகப் பாருங்கள். ஆவணக் காப்பகம், அரும்பொருளகம், மருத்துவமனைப் பதிவேடு எல்லா இடத்திலும் அந்தக் கைப்பழக்கத்துக்கு வேலை இருக்கிறது.

நிறுவுவதில் மாதக்கணக்கில் மூழ்கவிட வேண்டாம். மென்பொருளைத் தேவையானவற்றோடு ஒரே பொட்டலமாக ஓட்டும் டாக்கர் வழியாக மடிக்கணினியிலேயே ஓட்டிவிடலாம்; 16 ஜிபி நினைவகம் இருந்தால் நிம்மதி. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம், சோலர் தேடுபொறி, ஜாவா பின்தளம், திரையில் தெரியும் ஆங்குலர் முன்தளம் நான்கும் ஒன்றையொன்று கண்டுகொள்ள வேண்டும். உள்ளமைவுக் கோப்பில் கொடுத்த முகவரியும் உலாவியில் அடிக்கிற முகவரியும் ஓர் எழுத்து மாறினாலும் உள்நுழைவு நிலைக்காது. சொந்தக் கணினியை விட்டு வழங்கிக்கு (சர்வருக்கு) மாற்றும்போது எச்டிடிபிஎஸ் என்ற பாதுகாப்பான இணைப்பு இல்லையென்றாலும் அதே கதைதான். கடவுச்சொல் தப்பு என்று நினைத்து நாள்கணக்கில் தேடுவார்கள்.

உண்மையான வேலை அதற்குப் பிறகு. தமிழில் 50 உருப்படிகள் கொண்ட ஒரு தொகுப்பை உருவாக்கச் சொல்லுங்கள். குடும்பப் படங்கள், கோயில் விழா மலர்கள், சங்கத்தின் பழைய அழைப்பிதழ்கள், எதுவானாலும் உரியவரின் அனுமதியோடு.

முதலில் பெயரிலேயே தடுக்கும். படிவம் குடும்பப் பெயர், முதற்பெயர் என்று இரண்டு கட்டம் கேட்கும். நமக்கு ஏது குடும்பப் பெயர்? தகப்பன் பெயரைக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் போட்டால், எழுதியவர் மகன், பட்டியலில் முன்னால் நிற்பவர் அப்பா. ஒருவர் 'மு. கண்ணன்' என்றும் இன்னொருவர் இடைவெளி விடாமல் 'மு.கண்ணன்' என்றும் தட்டினால் ஆசிரியர் பட்டியலில் இரண்டு கண்ணன்கள் வந்துவிடுவார்கள். இதைவிடக் கள்ளத்தனமானது 'கொ'. அதன் உயிர்க்குறியை ஒரே யூனிகோடு குறியாகவும் (கணினி எழுத்துக்குக் கொடுக்கும் எண்) எழுதலாம், இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, கணினிக்குத் தெரியும். ஏற்றுவதற்கு முன் எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவர வேண்டும். பெயர் எழுதும் விதியையும் ஒரு பக்கத்தில் எழுதி வைக்க வேண்டும். நேர்முகத் தேர்வில் மேசைமேல் வைக்கத் தக்கது அந்தப் பக்கம்தான்.

அடுத்தது ஒவ்வோர் உருப்படியின் தலைப்பு, ஆசிரியர் முதலியவற்றைக் கொண்ட விவர அட்டவணை. எக்செல்லில் சாதாரண சிஎஸ்வியாக (காற்புள்ளியால் பிரித்த எளிய உரைக் கோப்பு) சேமித்தால் தமிழெல்லாம் கேள்விக்குறியாகிவிடும். அந்தக் கோப்பிலிருந்து திரும்ப மீட்க முடியாது. தமிழையும் காக்கும் குறியாக்கமான யூடிஎஃப்-8 என்று குறிப்பிட்ட சிஎஸ்வியையே தேர்ந்தெடுக்க வேண்டும். ஒரே கட்டத்தில் இரண்டு ஆசிரியர் என்றால் நடுவே இரட்டைச் செங்குத்துக் கோடு. ஒரு விஷயம்: இந்த அட்டவணை விவரங்களை மட்டுமே ஏற்றும். கோப்புகளையும் மொத்தமாக ஏற்ற, உருப்படிக்கு ஒரு கோப்புறை என்று தனியாகக் கட்ட வேண்டும்.

பிறகு பிடிஎஃப். யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் கோத்த நூல் திரையில் அழகாகத்தான் தெரியும். அதிலிருந்து உரையைப் பிரித்தால் வருவது ஆங்கில எழுத்துக் குப்பை. தேடலில் ஒரு சொல்கூட அகப்படாது. அப்படிப்பட்டதையும் வெறும் வருடலையும் (ஸ்கேன்) 300 டிபிஐ நுணுக்கத்தில் படமாக்கி, படத்திலுள்ள எழுத்தைப் படிக்கும் டெசராக்ட் மென்பொருளின் தமிழ்த் தரவால் எழுத்துணரச் செய்து, கையால் திருத்த வேண்டும். டிஸ்பேஸ் ஒரு கோப்பிலிருந்து இயல்பாக 1,00,000 குறிகள் வரைதான் உரை எடுக்கும். தமிழில் பல எழுத்துகளுக்கு இரண்டு குறி செலவாகும் என்பதால் 300 பக்க நாவலின் பெரும்பகுதி தேடலுக்கு வராது. உள்ளமைவில் அந்த வரம்பைத் தளர்த்திவிட்டு உரையை மறுபடி பிரித்தெடுத்து, தேடலுக்காக அட்டவணைப்படுத்த வேண்டும். அப்போதும் 'வீடு' என்று தேடினால் 'வீட்டில்' வராது; ஏன் என்று மகன் விளக்கத் தெரிந்திருந்தால் போதும்.

தேசிய நூலக வாரியத்தில் பழைய தமிழ் முரசு இதழ்களும், 2015-ல் மின்வடிவாக்கிய சிங்கப்பூர்த் தமிழ்ப் படைப்புகளும் இருக்கின்றன. ஐந்து நூல்களின் விவரப் பதிவுகளை அவர் தம் பதிவுகளோடு ஒப்பிட்டுப் பார்க்கட்டும்.

கட்டண வகுப்பு எதிலும் இப்போது சேர்க்க வேண்டாம். மகன் என்னிடம் அடுத்த சந்திப்புக்கு வரும்போது 10 உருப்படிகளின் விவர அட்டவணையை அச்செடுத்துக் கொடுத்தனுப்புங்கள். மென்பொருள் அதற்குள் ஓடாவிட்டாலும் பரவாயில்லை.