ஸாவியத் எல் அர்யான்: பெயர் இருக்கிறது, ஆள் யார்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

எகிப்தில் ஸாவியத் எல் அர்யானில் உள்ள, கட்டி முடிக்காத பிரமிடின் கற்களில் அரசர் பெயரே எழுதியிருக்கிறதாம். பிறகும் அது யாருடையது என்று ஏன் சொல்ல முடியவில்லை? பாதியில் நின்ற கல்லறைக்குள் சவத்தொட்டி மட்டும் எப்படி வந்தது?

கே.

அன்புள்ள கே,

தொட்டியிலிருந்து தொடங்கினால்தான் பெயர் விஷயம் விளங்கும்.

கீஸாவில் பெரிய பிரமிடைக் கட்டிய அரசர் கூஃபுவின் அடிநிலை அறையைப் பாறைக்குள் சுரங்கமாகக் குடைந்தார்கள். இங்கே அப்படி இல்லை. மேலிருந்தே சுமார் 21 மீட்டர் ஆழத்துக்குத் திறந்த குழி வெட்டினார்கள். வடக்கிலிருந்து நூறு மீட்டருக்கு மேல் நீளும் சரிவுப்பாதை அதில் வந்து இறங்குகிறது. முதலில் தரைக்குச் சுண்ணாம்புக்கல், கிரானைட் பாளங்கள். அதன்பின் குழிக்குள்ளேயே அறைச்சுவர், கூரை, சுற்றிலும் கல் நிரப்பு. கடைசியில்தான் மேலே பிரமிடு. கூரை ஏறிவிட்டால் 3.15 மீட்டர் நீளமும் 2.22 மீட்டர் அகலமும் உள்ள கிரானைட் தொட்டியை உள்ளே நுழைக்க வழியே கிடையாது. ஆகவே தரை போடும்போதே அதையும் பதித்துவிட்டார்கள். வேலை அத்தோடு நின்றது. தொட்டி இருப்பதால் அரசரை அங்கே புதைத்தார்கள் என்று ஆகாது. அந்த இடத்தை அகழ்ந்த அலெஸ்ஸாண்ட்ரோ பார்சாந்தி 1905-ல் மூடியைத் தூக்கியபோது, களிமண் வைத்து அடைத்த அந்தத் தொட்டி வெறுமையாகவே இருந்தது.

தொட்டி நீள்வட்ட வடிவம். இது மிக அபூர்வம். அபு ரவாஷில் கூஃபுவின் மகன் ஜெதெஃப்ரேயின் பிரமிடிலும் இதே குழி முறைதான். அங்கும் நீள்வட்டத் தொட்டி இருந்ததற்கான அடையாளம் உண்டு. ஸாவியத் எல் அர்யானில் அடித்தளம் பக்கத்துக்குச் சுமார் 200 மீட்டர். கூஃபுவின் இன்னொரு மகன் காஃப்ரே கீஸாவில் கட்டிய பிரமிடின் 215 மீட்டருக்கு அருகில் வருகிறது. இவற்றைச் சேர்த்துப் பார்த்தால் இந்த மூவரும் சேர்ந்த நான்காம் வம்சம் என்பதில் எனக்குத் தயக்கமில்லை.

பெயர்தான் சிக்கல். அது செதுக்கிய கல்வெட்டு அல்ல. வேலையாட்கள் கற்களில் மையால் அவசரமாகக் கிறுக்கியது. அரசர் பெயரைச் சுற்றிப் போடும் வளையத்துக்குள் இரண்டு குறிகள். இரண்டாவது 'கா', தெளிவு. முதல் குறியை ஒருவர் 'நெப்' என்கிறார், இன்னொருவர் 'பா' என்கிறார். வேறு வாசிப்புகளும் உண்டு. நெப்கா என்றால், அந்தப் பெயருள்ள அரசர் இருந்த மூன்றாம் வம்சத்துக்குப் போகவேண்டும்; மேலே சொன்ன கட்டுமானம் அதற்கு இடம் தரவில்லை. பாகா என்றால் ஜெதெஃப்ரேயின் மகனாகக் கருதப்படும் இளவரசரோடு பொருந்துகிறது. இந்த அழகான பொருத்தம்தான் என்னை எச்சரிக்கையாக்குகிறது: விடையை மனதில் வைத்துக்கொண்டு குறியை வாசிக்கிற ஆபத்து இதில் இருக்கிறது.

நம்மிடம் இருப்பவை பார்சாந்தி வெளியிட்ட கைப்படிகள் மட்டுமே. 1960-களிலிருந்து அந்த இடம் ராணுவ எல்லைக்குள் இருப்பதால் மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க வாய்ப்பில்லை. மை இன்னும் மிஞ்சியிருந்தால், அகச்சிவப்பு ஒளியில் எடுத்த நல்ல புகைப்படங்களே இந்த வழக்கைத் தீர்த்துவிடலாம். அதுவரை 'பாகாவின் பிரமிடு' என்று எங்கே படித்தாலும் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டுக்கொள்ளுங்கள்.