சிறகு முறிவதற்கு முன்

அன்புள்ள ஐயா,

மேலே துணிச் சிறகு, பின்னால் இன்ஜின் வைத்த மைக்ரோலைட் என்ற குட்டி விமானம் ஒன்று விழுந்து இரண்டு பேர் இறந்த விபத்தின் விசாரணை அறிக்கையைப் படித்தேன். 'பறக்கும்போதே கட்டமைப்பு முறிந்தது' என்று முடித்திருக்கிறார்கள். குழாயும் துணியும் சேர்த்துக் கட்டியது முறியாமல் என்ன செய்யும்? இதைச் செய்து விற்றவர்களைப் பிடித்து உள்ளே போட வேண்டாமா? என் அக்கா மகன் ஒருமுறையாவது இதில் பறந்தே தீருவேன் என்று நிற்கிறான். என்ன சொல்லித் தடுப்பது?

ஆர்.

அன்புள்ள ஆர்,

அந்தக் குழாயையும் துணியையும் அவ்வளவு இளக்காரமாக நினைக்காதீர்கள். பிரிட்டிஷ் விதிப்படி மைக்ரோலைட்டின் சிறகு, விமானத்தின் எடையைப் போல நான்கு மடங்கு சுமையை உருக்குலையாமல் தாங்க வேண்டும். ஆறு மடங்கு வரை முறியக் கூடாது. நேராகப் பறக்கும்போது அதன் மேல் இருப்பது ஒரு மடங்குதான். நூற்றுக்கணக்கான பேரை ஏற்றிப் போகும் பெரிய விமானங்களுக்கே அந்த முதல் எல்லை இரண்டரை மடங்குதான். அதனால் 'சும்மா போய்க்கொண்டிருந்தது, படக்கென்று முறிந்துவிட்டது' என்று யாராவது சொன்னால் நான் உடனே நம்ப மாட்டேன். அதற்கு முந்தைய சில நொடிகளில் என்ன நடந்தது என்றுதான் கேட்பேன்.

நீங்கள் சொல்லும் வகைக்கு வால் கிடையாது. விமானி முன்னாலிருக்கும் கம்பியைத் தள்ளியும் இழுத்தும், கீழே தொங்கும் எடையை நகர்த்தித்தான் சிறகைத் தன் வழிக்குக் கொண்டுவருகிறார். மூக்கைச் செங்குத்தாகத் தூக்கி, வேகமெல்லாம் செத்துப்போனால் விமானம் பின்பக்கமாகச் சறுக்கும். அப்புறம் மூக்கு மூர்க்கமாகக் கீழே குத்தும். குத்திய வேகத்தில் நிற்காமல் முழுக் கரணமே அடித்துவிடும். இதை 'டம்பிள்' என்பார்கள். நொடிக்கு ஒரு சுற்றுக்கு மேல் சுழலும். கம்பி விமானியின் பிடியிலிருந்து பிய்த்துக்கொண்டு போய்விடும்; எத்தனை வருட அனுபவம் இருந்தாலும் அதன் பிறகு செய்வதற்கு ஒன்றுமில்லை. மேல்நோக்கித் தூக்குவதற்காகச் செய்த சிறகின் மேல் சுமை தலைகீழாக விழுகிறது, சிறகு மடங்குகிறது. கீழே நிற்பவர் கண்ணில் படுவது இந்தக் கடைசிக் காட்சி மட்டும்தான். செங்குத்தாக ஏறுவது, பக்கவாட்டில் அளவுக்கு மேல் சாய்ப்பது எல்லாம் கையேட்டில் கூடாது என்று எழுதியிருக்கும். நண்பனுக்கு வேடிக்கை காட்டப் போகும் நாளில்தான் அந்தப் பக்கம் மறந்துபோகும்.

வேகக் கதையும் இதே மாதிரிதான். மணிக்கு 60 கிலோமீட்டருக்குக் கீழே போனால் சிறகு தூக்கும் திறனை இழக்கும் (இதை 'ஸ்டால்' என்பார்கள்) விமானத்தின் மூக்கை 120-இல் சட்டென்று தூக்கினால், சிறகில் அதிகபட்சம் நான்கு மடங்கு சுமை ஏறும். 180-இல் தூக்கினால் ஒன்பது மடங்கு.

ஆகவே அறிக்கையின் கடைசி வரியை விட்டுவிட்டு, சிதைவுகளைப் பற்றிய பக்கங்களைப் படியுங்கள். சிறகின் துண்டுகள் முக்கியச் சிதைவிலிருந்து வெகுதூரம் தள்ளிக் கிடந்தால், வானிலேயே பிரிந்தது உறுதி. அடுத்தது குழாய் முறிந்த முகம். ஒரேயடியாக அளவு மீறிய சுமையில் முறிந்தால் முகம் சொரசொரப்பாக இருக்கும், குழாயும் வளைந்திருக்கும். கம்பியை முன்னும் பின்னும் வளைத்து ஒடிப்பதுபோல நாள்பட்டு அறுந்திருந்தால், ஏதாவது போல்ட் துளையின் ஓரத்தில் தொடங்கி வழுவழுப்பான ஒரு பகுதியும் அதில் மெல்லிய வளைகோடுகளும் தெரியும். அலுமினியத்துக்கு இந்த ஆபத்து அதிகம். 'இவ்வளவு குறைந்த சுமைதானே, எத்தனை முறை ஏறி இறங்கினால் என்ன' என்று அதனிடம் சொல்ல முடியாது.

துணியைக் கெடுப்பது வெயில். பாலியஸ்டர் துணியும் தையல் நூலும் புற ஊதாக் கதிரில் மெல்ல மெல்ல வலுவிழக்கும்; பார்த்தால் தெரியாது. சோதிப்பதற்கு ஊசியைத் துணியில் குத்தி, ஸ்பிரிங் தராசு வைத்துக் குறிப்பிட்ட அளவு வரை இழுப்பார்கள். கிழிந்தால் சிறகு தேறவில்லை என்று அர்த்தம்.

சரி, செய்து விற்றவர்களுக்குப் பொறுப்பே கிடையாதா? உண்டு. ஸோடியாக் சி.எச். 601 எக்ஸ்.எல். என்ற உலோகச் சிறகுள்ள சிறு விமானம் அடுத்தடுத்து நடுவானில் உடைந்து, உயிர்கள் போயின. விமானத்தைப் பக்கவாட்டில் சாய்ப்பதற்காகச் சிறகின் பின்னோரத்தில் அசையும் எய்லரான்கள் என்ற பலகைகள் காற்றில் தாமாகவே படபடக்கத் தொடங்கி, அந்த ஆட்டம் சிறகையே உடைத்திருக்கலாம் என்று சந்தேகித்தார்கள். ஆட்டத்தை அடக்கும் எதிர் எடை அந்த எய்லரான்களில் இல்லை. அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2009 ஏப்ரலிலேயே அதைப் பறக்க விடாதீர்கள் என்றது. சிறகை வலுப்படுத்தி, எதிர் எடையும் பொருத்தும் மாற்றங்கள் வர நவம்பர் ஆகிவிட்டது. உங்கள் கோபத்தை அந்த ஏழு மாதத்தின் மேல் காட்டுங்கள், நானும் சேர்ந்துகொள்கிறேன்.

உங்கள் அக்கா மகனைத் தடுக்க வேண்டாம். தடுத்தாலும் கேட்கப் போவதில்லை. சிறகுத் துணியைக் கடைசியாக எப்போது சோதித்தார்கள் என்று கேட்கச் சொல்லுங்கள். ராக்கெட்டில் பாய்ந்து விமானத்தையே தாங்கி இறக்கும் பாராசூட் இருக்கிறதா என்றும் கேட்கட்டும். ஜெர்மனியில் மைக்ரோலைட்டுகளுக்கு அது கட்டாயம். போதிய உயரம் இருந்தால், சிறகு போன பிறகும் பிழைக்க அது ஒரு வழி. அதன் பிடியில் ஒரு பாதுகாப்பு ஊசி செருகியிருக்கும். கிளம்புவதற்கு முன் விமானி அதைக் கழற்றிவிட்டாரா என்று அவனே பார்த்துக்கொள்ளட்டும். கேட்டால் எரிந்து விழுகிற ஆளாக இருந்தால், பணம் போனாலும் பரவாயில்லை, இறங்கி வந்துவிடச் சொல்லுங்கள்.