வாசகர் கேள்வி–பதில்: சாயம் உரிந்த கிதார்

கேள்வி: ஜூன் 14 அன்று ரோரி கேலகரின் இசையைத் தவிர வேறு எதையும் கேட்பதில்லை என்று சென்ற இதழில் எழுதியிருந்தீர்கள். யார் இவர்? பெயரையே நான் கேள்விப்பட்டதில்லை.
– வாசகர், ஈரோடு

பதில்: அயர்லாந்தின் ராக் கிதார் கலைஞர். நீங்கள் கேள்விப்படாததற்குப் பாதிக் காரணம் அவர்தான். ஒற்றைப் பாடலைத் தனி இசைத்தட்டாக வெளியிட்டால் வானொலியில் அது திரும்பத் திரும்ப ஒலிக்கும், முகமும் ஊருக்கெல்லாம் தெரியவரும் என்று தெரிந்தே அந்த வழியை வேண்டாமென்று ஒதுக்கி, முழு ஆல்பத்தையும் மேடையையும் மட்டுமே நம்பியவர். 1948 மார்ச் 2 அன்று அயர்லாந்தின் வடமேற்கில் பாலிஷானன் என்ற சிற்றூரில் பிறந்தார். தந்தை அங்கே எர்ன் ஆற்று நீர்மின் திட்டத்தில் வேலை பார்த்தவர். பிறந்த மருத்துவமனையின் பெயரே ‘ராக்’ என்பதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. வளர்ந்தது தெற்கே கார்க் நகரத்தில். ‘டேஸ்ட்’ என்ற மூவர் குழுவில் பெயர் பெற்று, 1970 முடிவில் அது கலைந்தபின் தம் பெயரிலேயே வாசிக்கத் தொடங்கினார். தன் கிதார் கலைஞர் மிக் டெய்லர் விலகியதும் ஆள் தேடிய ரோலிங் ஸ்டோன்ஸ் என்ற புகழ்பெற்ற ஆங்கில ராக் குழு, 1975 ஜனவரியில் இவரை ராட்டர்டாமுக்கு அழைத்து உடன் வாசித்துப் பார்த்தது. ஜப்பானில் கச்சேரிகளை ஒப்புக்கொண்டிருந்த இவரோ, சொன்ன தேதிக்குப் போக வேண்டும் என்று கிதாரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

கேள்வி: உலகிலேயே சிறந்த கிதார் கலைஞராக இருப்பது எப்படி இருக்கிறது என்று ஜிமி ஹென்ட்ரிக்ஸைக் கேட்டதற்கு, “ரோரியைக் கேளுங்கள்” என்றாராமே?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: கேட்க இனிக்கிறது. ஆனால் அச்சிலோ ஒலிப்பதிவிலோ அதற்கு ஆதாரம் எதுவும் என் கண்ணில் பட்டதில்லை. கட்டுக்கதையை வைத்து உயர்த்த வேண்டிய நிலையில் அவர் இல்லை.

கேள்வி: அவருடைய கிதார் படத்தைப் பார்த்தேன். பழைய கதவுபோல் சாயமெல்லாம் உரிந்துகிடக்கிறது. வேண்டுமென்றே அப்படிச் செய்தாரா?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: இல்லை. இப்போது புதுக் கிதாரையே தேய்த்துப் பழசாக்கி அதிக விலைக்கு விற்கிறார்கள். அவருடையது உழைத்துத் தேய்ந்தது. அது 1961ஆம் ஆண்டு ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர், வரிசை எண் 64351. கார்க் நகரின் க்ரௌலி இசைக்கருவிக் கடையில் பழைய கருவியாக வந்ததை, 1963இல், பதினைந்து வயதில், ஏறத்தாழ 100 பவுண்டுக்குக் கடனில் வாங்கினார். அந்தக் குடும்பத்துக்கு அது பெரிய தொகை. இந்த ஒரு கிதார் இருந்தால் தாள வாசிப்பு, தனி வாசிப்பு இரண்டையும் நானே செய்வேன், குழுவில் இன்னொரு கிதார்காரர் தேவைப்படாது என்று தாயிடம் அவர் வாதாடினாராம். கடன் கேட்கும் பிள்ளைகளின் கணக்கு எல்லா நாட்டிலும் ஒன்றுபோலத்தான் இருக்கிறது!

பிறகு ஒருமுறை டப்ளினில் அது திருடுபோய், சில நாள் கழித்துப் பள்ளம் ஒன்றில் கீறல்களோடு கிடைத்தது. அதன்பின் அதை அவர் கைவிட்டதே இல்லை. கட்டம் போட்ட சட்டை தொப்பலாக நனைய இரண்டு மணி நேரத்துக்கு மேல் வாசிப்பவர்; அந்த வியர்வைதான் ஆண்டுக்கணக்கில் சாயத்தைத் தின்றது. வலது முன்கை படியும் மேல் விளிம்பில் வெறும் மரம் தெரியும். அதைத் தொட்டு, பழுப்பும் மஞ்சளுமாகத் தீவுபோல் சாயம் மிஞ்சியிருக்கும். 2024 அக்டோபரில் லண்டனில் அது 8,89,400 பவுண்டுக்கு, அதாவது ஒன்பது கோடி ரூபாய்க்கும் மேலாக ஏலம்போய், வாங்கியவர்களால் அயர்லாந்து தேசிய அருங்காட்சியகத்துக்கு வழங்கப்பட்டது. தனியார் வீட்டுச் சுவருக்குப் போகாததில் எனக்கு நிம்மதி.

கேள்வி: பெல்ஃபாஸ்ட்காரர்கள் அவரைத் தங்கள் ஊர்க்காரராகவே கொண்டாடுவது ஏன்?
– வாசகர், சென்னை

பதில்: 1970களில் வட அயர்லாந்தில் கத்தோலிக்க, புராட்டஸ்டண்ட் தரப்புகளின் மோதலில் குண்டுகள் வெடித்துக்கொண்டிருந்தபோது, வெளியூர்க் குழுக்கள் பலவும் அதன் தலைநகரான பெல்ஃபாஸ்டைத் தவிர்த்தன; அச்சம் வீணானதும் அல்ல, 1975 ஜூலையில் கச்சேரி முடித்துத் திரும்பிய ‘மயாமி ஷோபேண்ட்’ என்ற அயர்லாந்துக் குழுவின் கலைஞர்கள் மூவர் நடுச்சாலையில் கொல்லப்பட்டார்கள். அந்தக் காலத்திலும் ரோரி ஆண்டு தவறாமல் அங்கே போய் அல்ஸ்டர் ஹாலில் வாசித்தார். கத்தோலிக்க வீட்டுப் பிள்ளைகளும் புராட்டஸ்டண்ட் வீட்டுப் பிள்ளைகளும் தோளோடு தோள் உரசி நின்ற கூடம் அது. அவர் மேடையில் அரசியல் பேசவில்லை, வந்தார், வாசித்தார். 1974 ஜனவரியில் பெல்ஃபாஸ்ட், டப்ளின், கார்க் மூன்று ஊர்களிலும் பதிவான அவருடைய இரட்டை ஆல்பத்தில் பாடலுக்கு இணையாகக் கூட்டத்தின் ஆரவாரத்தையும் கேட்கலாம். 2025 ஜனவரியில் அல்ஸ்டர் ஹாலுக்கு வெளியே அவருக்கு வெண்கலச் சிலை எழுந்தது.

கேள்வி: குடிதானே அவரைக் கொன்றது? நேரில் பார்த்தே இராத ஒருவருக்காக இன்னும் வருந்துவது மிகையில்லையா?
– வாசகர், மதுரை

பதில்: குடி உண்டு, மறைக்கவில்லை. விமானப் பயணத்துக்கு அஞ்சிய அவருக்குத் தரப்பட்ட மன அமைதி மருந்துகளும் சேர்ந்து ஈரலைக் கெடுத்தன. லண்டனில் மாற்று ஈரல் பொருத்தப்பட்டுத் தேறிவந்த நிலையில், மருந்துக்கு அடங்காத கிருமித் தொற்று ஏற்பட்டு, 1995 ஜூன் 14 அன்று, 47 வயதில் இறந்தார். கார்க் அருகே பாலின்காலிகில் அடக்கம் செய்தார்கள்.

மிகையா என்று கேட்கிறீர்கள். எண்பதுகளின் இறுதியில், லண்டனில் படித்துக்கொண்டிருந்த என் அத்தை மகன் அந்த 1974 கச்சேரிகளை ஒரு கேசட்டில் பதிந்து அனுப்பினான். முதல் பக்கத்தின் கடைசிப் பாட்டில், கிதார் தனியே மேலேறிக்கொண்டிருக்கும்போது நாடா தீர்ந்து ‘டக்’கென்று நின்றுவிடும். பாட்டே அங்கேதான் முடிகிறது என்று பல ஆண்டுகள் நினைத்திருந்தேன். இறந்துவிட்டார் என்று அவன் கடிதம் எழுதிய பிறகுதான் குறுந்தகட்டைத் தேடி வாங்கி, மிச்சத்தைக் கேட்டேன். இன்றும் அந்த இடம் வரும்போது என் விரல் கேசட்டைத் திருப்பிப்போட நீள்கிறது.